கணக்குப்பிள்ளை செய்த கிடார்

லியோ ஃபெண்டர் கல்லூரியில் படித்தது கணக்கியல். இசை இல்லை, தச்சு வேலை இல்லை, பொறியியலும் இல்லை. சாட்சாத் பற்று-வரவு. 1909-ல் பிறந்த இந்தக் கலிஃபோர்னியாக்காரர் படிப்பு முடிந்ததும் கணக்கராகத்தான் வேலை பார்த்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. சின்ன வயதிலிருந்தே ரேடியோவைப் பிரித்து மாட்டும் கிறுக்கு இருந்ததால், 1938-ல் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அங்கே வந்து போன இசைக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர்களைச் சரிசெய்து கொடுத்து, பிறகு தானே ஆம்ப் செய்து விற்று, 1950-ல் ஓர் எலெக்ட்ரிக் கிடாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இதில் வேடிக்கை, ஆசாமிக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது.

அந்தக் கிடாரைத்தான் இன்று உலகம் டெலிகாஸ்டர் என்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டு விழுந்த, பலகையை அறுத்துவைத்த மாதிரி தட்டையான உடல். நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் கழுத்து. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பில் வாசித்தால் காதில் ‘ணங்’கென்று தைக்கும் ஒரு ஓசை. அமெரிக்கர்கள் இதை ‘ட்வாங்’ என்பார்கள். முதலில் ஒரு பிக்கப்போடு ‘எஸ்கொயர்’ என்று வந்தது. அதே ஆண்டின் கடைசியில் இரண்டு பிக்கப்போடு ‘பிராட்காஸ்டர்’ ஆனது. கிரெட்ச் கம்பெனி அதே உச்சரிப்பில் ட்ரம் விற்றுக்கொண்டிருந்ததால் 1951-ல் ஆட்சேபம் வந்தது. லியோ என்ன செய்தார்? கையிருப்பில் இருந்த லேபிள்களைத் தூக்கி எறியவில்லை. அதில் பெயர் இருந்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டி அனுப்பினார். சில மாதங்கள் கிடார்கள் பெயரே இல்லாமல் கடைக்குப் போயின. (அந்தப் பெயரில்லாத கிடார்களுக்கு ‘நோகாஸ்டர்’ என்று செல்லப் பெயர் வைத்து இன்று சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுக்கிறார்கள். லேபிளை மிச்சம் பிடித்ததற்குக் கிடைத்த மரியாதை!) டெலிவிஷன் பரவத் தொடங்கிய காலமாதலால், அடுத்து ‘டெலிகாஸ்டர்’ என்ற பெயர் வந்து நிலைத்தது.

உலகின் முதல் சாலிட் பாடி எலெக்ட்ரிக் கிடார் இதுதான் என்று சிலர் அடித்துவிடுவார்கள். அது சரியல்ல. பால் பிக்ஸ்பி 1948-லேயே மெர்ல் ட்ராவிஸ் என்ற பாடகருக்கு அப்படி ஒன்றைக் கையால் செய்து கொடுத்தார். ஆனால் அது அளவெடுத்துத் தைத்த கோட்டு. லியோ செய்தது ரெடிமேட் சட்டை. ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, கடைசியில் ஸ்க்ரூ போட்டுச் சேர்க்கப்பட்டது. கழுத்து தேய்ந்தால் ஸ்க்ரூவைக் கழற்று, வேறு கழுத்தை மாட்டு. பிக்கப் செத்தால் பிரிட்ஜ் தகட்டைக் கழற்று. வால்யூம் குமிழ் கரகரத்தால் இரண்டே ஸ்க்ரூ, மொத்த ஒயரிங்கும் கைக்கு வந்துவிடும். வயலின் செய்யும் பரம்பரைக்காரர் யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார். ரேடியோ ரிப்பேர் செய்தவர்தான் யோசிப்பார்.

இப்படிப்பட்ட ஒரு கிடாரைத்தான் இன்றைக்கு ஏதோ கோயில் விக்கிரகம் மாதிரி வாங்கச் சொல்கிறார்கள். புதிதாக ஒரு பையன் கையில் கொஞ்சம் காசோடு ‘டெலி மாதிரி ஒன்று வாங்கலாமா, பாகங்கள் வாங்கிச் சொந்தமாகச் செய்யலாமா’ என்று கேட்டால் போதும். உடனே மரத்தைப் பற்றிப் பாடம் ஆரம்பித்துவிடும். சதுப்பு நிலத்து ஆஷ் மரமா, ஆல்டரா, ஒரே துண்டா, மூன்று துண்டா, மேலே பூசியது நைட்ரோவா, பாலியூரிதேனா... கேட்டவன் பட்ஜெட்டில் பாதியை மரத்துக்கே எழுதிவைத்துவிடுவான். மீதியில் வாங்கும் கழுத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். மூன்று மாதத்தில் கிடார் பீரோ மேலே போய்விடும். டெலிகாஸ்டரில் மரத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண். அதை வாங்குபவரோ செய்பவரோ காசை வைக்கவேண்டிய இடம் கழுத்து, நட், பிரிட்ஜ், கடைசியாக பிக்கப்.

இதை நம்ப, அந்த ‘ணங்’ எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பள்ளிக்கூடத்து ஃபாரடே பாடம்தான். அது மைக் அல்ல. மரத்தின் முணுமுணுப்பைக் கேட்கும் வேலை அதற்கு இல்லை. ஆனால் கம்பியை எந்த இடத்தில் கவனிக்கிறது என்பது மிக முக்கியம். டெலியின் பின் பிக்கப், பிரிட்ஜை ஒட்டிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். மெல்லிய கம்பிகளின் பக்கம் பிரிட்ஜுக்கு இன்னும் நெருக்கம். பிரிட்ஜுக்கு நெருங்க நெருங்க ஓசை கூர்மையாகும். அந்த பிக்கப் மரத்தில் அல்ல, ஒரு எஃகுத் தகட்டில் தொங்குகிறது. அதன் அடியிலும் ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்து காந்தப்புலத்தை மாற்றுகின்றன. ஓசைக்கு அந்தத் தனி முரட்டுத்தனம் வருவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. கம்பிகள் உட்காருவது மூன்றே பித்தளை சேடில்களில், ஒன்றுக்கு இரண்டு கம்பி வீதம். 648 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பியின் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பட்டியலில் மரம் எங்கே? கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

2021-ல் ஜிம் லில் என்ற நாஷ்வில் கிடார்காரர் இதை வேடிக்கையாகவே செய்து காட்டினார். டெலி வகைக் கிடார் ஒன்றை ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றி ஒலிப்பதிவு செய்தார். கடைசியில் கிடாரே இல்லை. இரண்டு மேஜைகளுக்கு நடுவில், காற்றில், கம்பிகளை இழுத்துக் கட்டினார். கீழே அதே பிக்கப், அதே தூரம். விலையுயர்ந்த கிடாருக்கும் மேஜைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கேட்டவர்கள் திணறினார்கள். இது ஆய்வுக்கூடத்துச் சோதனை இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ‘மரத்தின் ஆன்மா’ என்று பேசுபவர்கள் பதிலுக்கு இந்த அளவுக்குக்கூட எதையும் காட்டுவதில்லை.

லியோவே மரத்தை வழிபட்டவரில்லை. ஆரம்ப மாதிரிகளைப் பைன் மரத்தில் செய்தார். பிறகு ஆஷ். 2020-ல் ஃபெண்டர் கம்பெனி, தன் வழக்கமான தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றில் ஆஷ் மரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மரகதத் துளைப்பான் என்ற வண்டு அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் காலி செய்துகொண்டிருக்கிறது, போதாததற்கு மிசிசிப்பி ஆற்றின் வெள்ளம் வேறு. அறிவிப்புக்குப் பிறகு ட்வாங் ஒன்றும் செத்துப்போகவில்லை. மரத்தில் பார்க்கவேண்டியது ஒன்று உண்டென்றால் அது எடை. மூன்றரைக் கிலோவைத் தாண்டினால் இரண்டு மணி நேரம் நின்று வாசிப்பவரின் தோள் சொல்லும்.

மரத்துக்கு அடுத்த பித்தலாட்டம் ‘ரெலிக்’. 1995 முதல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் புத்தம்புதுக் கிடாரை வேண்டுமென்றே பெயிண்ட் உரித்து, துரு ஏற்றி, ஐம்பது வருடம் கச்சேரி கண்டது மாதிரி செய்து விற்கிறது. மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. பி.காம் முதல் வருடப் பாடம் என்ன? சொத்தின் மதிப்பிலிருந்து தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். உலகத்திலேயே தேய்மானத்தைக் கூட்டிப் போடும் ஒரே பேரேடு இதுதான் :-) பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒருவர் வாங்கினால் அது அவர் இஷ்டம். ஓசைக்காக வாங்கினேன் என்றால்தான் சிரிப்பு வருகிறது.

வாங்குபவருக்குச் சாதகமான இன்னொரு விஷயம் நீதிமன்றப் பக்கத்திலிருந்து வந்தது. டெலிகாஸ்டர் உள்ளிட்ட தன் கிடார்களின் உடல் வடிவங்களுக்கு வணிகச் சின்னப் பாதுகாப்பு வேண்டும் என்று ஃபெண்டர் கேட்டது. அமெரிக்க வணிகச் சின்ன வாரியம் 2009-ல் மறுத்துவிட்டது. பல பத்தாண்டுகளாக எல்லோரும் காப்பியடித்து விற்கும்போது சும்மா இருந்துவிட்டு, இப்போது வந்து என்னுடையது என்றால் எப்படி என்பதுதான் சாராம்சம். அந்த வடிவம் பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. தலைப்பகுதியின் வடிவம் மட்டும் இன்னும் ஃபெண்டருக்குச் சொந்தம். அதனால்தான் மற்றவர்களின் டெலி வகைக் கிடார்களில் தலை மட்டும் கொஞ்சம் கோணலாகவோ சப்பையாகவோ இருக்கிறது. மற்றபடி பாகங்கள் செய்ய எத்தனையோ பேர். போட்டி இருக்கும் சந்தையில் பெயருக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஃபெண்டரே 1982 முதல் ‘ஸ்கொயர்’ என்ற பெயரில் மலிவு வரிசை வைத்திருக்கிறது.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? ஆம்ப்பில் சொருகுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை நிறைய. கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஃப்ரெட் முனைகள் பிளேடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். அடுத்து நட். யாரும் கண்டுகொள்ளாத, ஆனால் பாதிப் பிரச்சினைக்குக் காரணமான சின்ன வெள்ளைத் துண்டு. ஒரு கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பார்த்தால் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதாது. விரல் வலிக்கும், முதல் சில ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறிப்போகும். புதிதாகக் கற்பவர் தன் காதையும் விரலையும் திட்டிக்கொள்வார், பாவம். சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று துள்ளிக் குதித்தால் கம்பி நட்டில் சிக்குகிறது என்று அர்த்தம். இந்தப் பழி வழக்கமாக முறுக்காணியின் மேல் விழுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து முறுக்காணியை மாற்றிவிட்டு, அதே சிக்கலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கழுத்தின் வளைவும் முக்கியம். பழைய பாணி டெலிகளில் விரல்பலகையின் ஆரம் 7.25 அங்குலம். அதாவது நல்ல உருண்டை. கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை இழுத்து வளைத்தால், கம்பி உயரம் குறைவாக இருக்கும்பட்சத்தில் ஓசை சட்டென்று செத்துவிடும். இப்போது பல மாடல்களில் 9.5 அங்குலம் வருகிறது. பாடிக்கொண்டே கார்டு வாசிப்பவர் பழையதை எடுக்கலாம். இழுத்து அழவைக்க ஆசைப்படுபவர் இரண்டாவதை எடுப்பதே புத்திசாலித்தனம். கடைசியாக, இரண்டு ஓரக் கம்பிகளும் விரல்பலகையின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கழுத்து கோணல். இதிலெல்லாம் தேறிய கிடார் எந்த மரமாக இருந்தால் என்ன?

நூறு ரூபாய் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எண்பதைக் கிடாருக்குக் கொடுத்து, இருபதை நட்டும் ஃப்ரெட்டும் சரிசெய்யத் தெரிந்த ஒருவருக்கு ஒதுக்கலாம். நூறையும் கிடாருக்கே கொடுத்துவிட்டு, ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே வாசிப்பவரைவிட அந்த எண்பது ரூபாய்க்காரர் கையில் நல்ல வாத்தியம் இருக்கும். சரிசெய்வது மந்திரம் ஒன்றுமில்லை. 9.5 அங்குலக் கழுத்துக்கு 17-ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பி உயரம் சுமார் 1.6 மில்லிமீட்டர், கழுத்தின் உள்வளைவு கால் மில்லிமீட்டர். இதுதான் தொடங்கும் புள்ளி. அங்கிருந்து கைக்கு ஏற்றபடி.

இனி சொந்தமாகச் செய்யும் ஆசை. டெலியைப் போலச் செய்வதற்கு லேசான எலெக்ட்ரிக் கிடார் வேறில்லை என்பது உண்மை. தட்டை உடல், ஸ்க்ரூ கழுத்து, எளிய ஒயரிங். 1975-ல் வந்த ‘பார்ன் டு ரன்’ ஆல்பத்தின் அட்டையில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாட்டியிருப்பதே டெலிகாஸ்டர் உடலில் எஸ்கொயர் கழுத்தைப் பூட்டிய ஒட்டுமாங்காய்தான். அதனால் பாகம் பாகமாகச் சேர்ப்பது கேவலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ‘செய்தால் மலிவு’ என்ற ஒரே காரணத்துக்காக இறங்குபவர்கள் கணக்குப் போடத் தெரியாதவர்கள்.

உடல், கழுத்து, பிரிட்ஜ், பிக்கப், முறுக்காணி என்று பாகங்களின் விலையைக் கூட்டிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நட் அறுக்கும் அரம், ஃப்ரெட்டைச் சமப்படுத்தும் சட்டம், அதன் முதுகை மறுபடி உருட்டும் அரம், சால்டரிங் இரும்பு, உப்புத்தாள், பெயிண்ட்... இதையெல்லாம் பத்துக் கிடார் செய்பவர் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் செய்பவருக்கு முழுத் தொகையும் அந்த ஒன்றின் தலையில்தான் ஏறும். பிறகு தவறுகளின் செலவு. கெட்டியான மேப்பிள் கழுத்தில் சரியான அளவுக்கு முன்துளை போடாமல் ஸ்க்ரூவை முறுக்கினால், அதன் தலை முறிந்து உடம்பு உள்ளேயே நின்றுவிடும். (முன்துளை போட்டபின் ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு தடவினால் வழுக்கிக்கொண்டு போகும்.) பிரிட்ஜுக்குத் துளை இல்லாத உடல் வாங்கியவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதலில் கழுத்தைப் பூட்டி, இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் பதில் நூல் கட்டி இழுத்து, நேர்கோடும் தூரமும் சரிபார்த்து, அதன் பிறகே துளை. ஐந்து மில்லிமீட்டர் பிசகினால் 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி சேரவே சேராது. எவ்வளவு உசத்தியான பிக்கப் போட்டாலும் சேராது.

இன்னொன்று, பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இரைச்சல். டெலியில் கம்பிகளுக்கான எர்த் இணைப்பு, வழக்கமாகப் பின் பிக்கப்பின் அடித்தகடு வழியாக பிரிட்ஜுக்குப் போகிறது. அடித்தகடு இல்லாத பிக்கப் வாங்கிப் போட்டால் அந்த வழி அறுந்துவிடும். பிரிட்ஜிலிருந்து தனியாக ஓர் ஒயர் இழுத்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் பிக்கப்பே மோசம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் மெல்லிய ‘ம்ம்ம்’ ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குக் கூடப் பிறந்தது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வாங்கி முனகும், நம்மூரில் 50 ஹெர்ட்ஸில் முனகும். அவ்வளவே வித்தியாசம்.

எல்லாம் முடிந்து, ஆசை தீர்ந்து, விற்கப் போகும்போதுதான் உண்மை விலை தெரியும். பெயர் தெரிந்த கம்பெனியின் கிடார் பழையதானாலும் ஒரு விலை உண்டு. சொந்தமாகச் சேர்த்ததை யாரும் நம்பி வாங்குவதில்லை. முழுசாக விற்பதைவிடப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் அதிகம் கிடைக்கும். உழைப்புக்கு யாரும் ஒரு பைசா தரமாட்டார்கள். ஆகவே செய்ய வேண்டியவர்கள் இரண்டு ரகம். கடையில் கிடைக்காத அளவில் கழுத்து வேண்டும் என்பவர் ஒருவர். ஃப்ரெட் வேலையையும் ஒயரிங்கையும் கற்றுக்கொள்ளவே செய்கிறேன், போன காசு படிப்புச் செலவு என்பவர் இன்னொருவர். மற்றவர்கள் மலிவான நல்ல டெலி ஒன்றை வாங்கி, அதையே கழற்றி மாட்டிப் பழகலாம். அதே படிப்பு, பாதி ஃபீஸ்.

ஆனால் எல்லாவற்றையும் ‘சரி’செய்யப் போகக்கூடாது. மூன்று சேடிலில் ஆறு கம்பியும் துல்லியமாகச் சுருதி சேராது என்று ஆறு சேடில் கனத்த பிரிட்ஜ், முனகல் கேட்கிறது என்று இரட்டைச் சுருள் பிக்கப், எஃகுத் தகடு வீறிடுகிறது என்று வேறு உலோகம்... ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயம்தான். நான்கைந்தைச் சேர்த்துச் செய்தால் மிஞ்சுவது டெலி வடிவத்தில் வேறொரு கிடார். சேடில் பிரச்சினைக்கு, கம்பி உட்காரும் இடத்தைக் கொஞ்சம் சாய்த்துச் செதுக்கிய மூன்று பித்தளை சேடில்களே கிடைக்கின்றன. தொண்ணூறு சதம் தீர்ந்துவிடும், ஓசையும் அப்படியே இருக்கும். வேண்டிய மாற்றம் எது என்று தெரிந்து செய்வது வேறு கதை. கீத் ரிச்சர்ட்ஸ் முன் பிக்கப்பை எடுத்துவிட்டு கிப்சனின் இரட்டைச் சுருளைப் போட்டார், ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டார்.

மிச்சக் காசு இருந்தால் அது ஆம்ப்புக்குப் போகட்டும். 1969-ல் வந்த லெட் ஸெப்பெலினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் வாசித்தது டெலிகாஸ்டர். லெஸ் பால் என்று நினைத்துக் கேட்டவர்கள் ஏராளம். அந்த இடிமுழக்கத்துக்குப் பின்னால் இருந்தது மலை மாதிரி அடுக்கிய ஸ்பீக்கர்கள் அல்ல, சுப்ரோ கம்பெனியின் ஒரு சின்னப் பெட்டி.